பகைவன் கட்டிய மதில்

அநீதி எழுப்பிய கட்டடத்தை நீதியை விரும்புவோர் பாதுகாக்கலாமா? இடித்துத் தரைமட்டமாக்குவதன்றோ முறை? இவ்வினாவை எழுப்பும் கோட்டையொன்று கென்யாவின் மொம்பாசாத் தீவில் கடல் நோக்கி நிற்கிறது.

போர்த்துக்கீசியர் 1593இல் தொடங்கி 1596இல் முடித்த கோட்டை அது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி பத்திஸ்தா கைராத்தி. பீரங்கிப் போருக்கேற்ற கொத்தளங்கள் கொண்டது. இந்துமாக்கடல் வாணிபத்தைத் தம் பிடிக்குள் அடக்க எழுப்பிய அதற்கு அவர்கள் சூட்டிய பெயரோ இயேசுவின் பெயர்! நாம் ஈஸா நபி (அலை) எனப் போற்றும் சாந்த சீலரின் திருநாமம் பீரங்கிகளுக்குக் காவலாயிற்று.

1696 மார்ச்சில் ஓமான் அரபியர் அதனை முற்றுகையிட்டனர். முற்றுகை 33 மாதங்கள் நீடித்தது. உள்ளிருந்தோரில் பெரும்பாலோரைப் பிணியே மாய்த்தது. 1698 டிசம்பரில் கோட்டை வீழ்ந்தது. இதைப் படிக்கையில் நம் உள்ளம் பூரிக்கிறது. அன்பர்களே, அங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கொடி மாறிற்று; அக்கரையில் அடிமை வாணிபம் மறைந்ததா? 19ஆம் நூற்றாண்டில், ஓமானிய சுல்தான்களின் ஆட்சியில், அது பெருகவே செய்தது. பின்வந்த ஆங்கிலேயர் 1895 முதல் 1958 வரை கோட்டையைச் சிறைச்சாலையாக்கினர். 1960இல் அது அருங்காட்சியகமாயிற்று; 2011இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

படிப்பினையை அரபியில் 'இப்ரத்' என்பர். கடத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். கனவுக்குப் பொருள் கூறும் 'தஃபீர்' என்பதும், கண்ணீரைக் குறிக்கும் 'அப்ரத்' என்பதும் அவ்வேரிலிருந்தே பிறந்தவை. கண்டதிலிருந்து காணாததற்குக் கடந்து செல்வதே படிப்பினை. மதிலைப் பார்த்துக் கைராத்தியின் கலையை மட்டும் வியப்பவன் கரையிலேயே நின்றுவிட்டான். கல் சுமந்த பெயரறியாத் தோள்களையும், சிறையறைகளில் கழிந்த இரவுகளையும் எண்ணி ஒரு துளி கண்ணீர் உகுத்தவனே கடந்தவன்.

மதிலை இடித்தால் குற்றம் அழியாது. குற்றத்தின் சாட்சியே அழியும். அது பகைவரின் குற்றத்திற்கு மட்டுமா சாட்சி? நம்மவர் குற்றத்திற்கும் அதுவே சாட்சி. உற்றாருக்கு எதிராயினும் நீதிக்காகச் சாட்சி பகர வேண்டுமென நம் திருமறை பணிக்கிறது. அந்தப் பணியை அங்கே கற்கள் செய்துகொண்டிருக்கின்றன. அவற்றின் வாயை அடைக்க நமக்கு உரிமையில்லை.