ஜடத்தின் தீர்ப்பு

2023 டிசம்பர் 20 அன்று, காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சியின்போது, நள தீர்த்தத்தில் நல்லெண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்த துணியைக் கரையிலேயே களைந்துவிட்டு வரிசையில் நின்ற ஜனங்கள், தங்களுக்கு விதிக்கப்பட்டதைச் சற்றே தளர்த்தும்படி ஒருவரிடம் முறையிடத்தான் வந்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, தானே இலக்கைத் தேர்ந்து கொல்லவல்ல ஆயுதங்களைப் பற்றிக் கவலை தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த நான்கில் பாரதமும் ஒன்று. 1980ஆம் வருஷத்து மரபு ஆயுத உடன்படிக்கையின் கீழ் ஜெனீவாவில் நடக்கும் பேச்சே தக்கது என்பது டில்லியின் வாதம். ஒரு நாடு முரண்டு பிடித்தாலும் அங்கே எதுவும் நகராது என்பதை அவ்வாதம் சொல்வதில்லை.

கர்மம் ஜடம், ஆதலால் செய்தவனைத் தேடிச் சென்று பலனைக் கொடுக்க அதற்குத் தானாக இயலாது, அறிந்து கூட்டுவிக்க இறைவன் வேண்டும் என்று மீமாம்ஸகரை மறுத்து நிலைநாட்டியது சைவ சித்தாந்தம். சனி பகவானும் அந்த ஆணைக்கு உட்பட்டவராதலால்தான், நளனை விட்டு நீங்கி, திருநள்ளாற்று ஈசன் தர்ப்பாரண்யேசுவரரின் சந்நிதி வாயிலில் நிற்க நேர்ந்தது.

தானே இலக்கைத் தேரும் ஆயுதமும் ஜடமே. ஆனால் யந்திரத்துக்குக் கோபமில்லை, ஆகவே சிப்பாயைவிட அது நீதியாகச் சுடும் என்பார்கள். லேசில் தள்ளக்கூடிய வாதமல்ல. 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படையினர் சுட்டதில், காரைக்கால் படகிலிருந்த 13 மீனவரில் இருவர் பலத்த காயத்துடன் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்; துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்று கடற்படை சமாதானம் சொன்னது. அது எனக்குத் திருப்தியளிக்கவில்லை. ஆயினும் மனிதன் சொன்ன சமாதானமாகையால், அதைக் குறுக்கு விசாரணை செய்யலாம். பொய்யானால் பொய்யென்று காட்டலாம். எவரும் கேளாவிடினும் சுட்டவனை அவன் வினை விடாது.

கருவியை வினை பற்றாது. எனில் யந்திரம் செய்த கொலை, கணக்குப் போட்டுக் கொடுத்த பொறியாளனைச் சேருமா, விற்ற கம்பெனியையா, ஏவிவிட்டு உறங்கப் போன தளபதியையா, வரி கட்டிய நம்மையா? ஈசன் கணக்கு தவறாது. ஆனால் பாவத்தின் பங்கு சிறுக்கச் சிறுக்க, தான் கொல்லவில்லை என்று ஒவ்வொருவனும் நிம்மதியாகச் சாப்பிட்டுக் கையலம்ப வழி பிறந்துவிடுகிறதே!

இவ்வாயுதங்களைப் பற்றிப் பொதுச் சபை 2024இல் நிறைவேற்றிய தீர்மானத்தை 166 நாடுகள் ஆதரித்தன. பாரதம் இம்முறை எதிர்க்காமல் ஒதுங்கி நின்றது. 2026க்குள் உடன்படிக்கை வேண்டுமென்று கேட்டார் ஐ.நா. பொதுச் செயலாளர் குட்டெரெஸ். அப்படியொன்று எழுதப்படுமானால், ஒவ்வொரு ஏவலுக்கும் பொறுப்பாளியாக ஒரு மனிதனின் பெயர் பதியப்பட வேண்டும் என்ற விதி அதில் இருக்கிறதா என்றே முதலில் தேடுவேன்.