நஞ்சை அளப்பவர் யார்?

தமிழில் "மருந்து" என்னும் சொல்லைப் போல் இரு முகம் கொண்ட சொல் காண்பது அரிது. நோயைத் தீர்ப்பதும் மருந்து. புல்லைக் கருக்குவதும் மருந்து. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மருந்து கொடுக்கிறோம்; செம்பனை நிரையில் களை மண்டினால் மருந்து அடிக்கிறோம். பகைவர் சோற்றிற் கலந்து வைத்தாரென்று பாமரர் அஞ்சும் இடுமருந்தும் மருந்தே. பெயர் ஒன்றாயிருத்தலாற் பொருளும் ஒன்றாகிவிடுமோ? ஆகாது. ஆயினும், அச்சத்தோடு தொடவேண்டிய பொருளை அன்போடு அழைத்துப் பழகிய மக்கள், அதன்முன் எச்சரிக்கை குன்றி நிற்பர் என்பது வெளிப்படை. ஒரு பொருள் எப்போது மருந்து, எப்போது நஞ்சு, அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாவை ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

இவ்வினா ஏட்டிலே பிறந்ததன்று. நம் தோட்டங்களிலே பிறந்தது. கிள்ளானிலிருந்து தெற்கே பந்திங் செல்லும் வழியையும், லங்காட் ஆற்றின் இருமருங்கையும், கேரித் தீவையும் கண்டவர்கள், அங்கே எல்லை தெரியாமற் பரந்து கிடக்கும் செம்பனைத் தோட்டங்களை அறிவார்கள். ரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பல, நாளடைவிற் செம்பனைக்கு மாறின. மரம் மாறியபோது வேலையும் மாறிற்று. மண்வெட்டியால் களை எடுத்த கைகளில் மருந்துப் பம்பு ஏறியது. பல தோட்டங்களில் அந்தப் பம்பைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுள்ளும் மிகுந்தவர்கள் நம் தமிழ்ப் பெண்கள். பால்மரம் வெட்டத் தனித் திறமை வேண்டும், குலை அறுக்க ஆணின் வலிமை வேண்டும், மருந்தடிக்க ஒன்றும் வேண்டா என்று எண்ணப்பட்டமையால், அவ்வேலை கூலியிற் கடைப்பட்டவர்க்கு ஒதுக்கப்பட்டது. அறிவு மிகுதியும் வேண்டிய வேலை, அறிவு தரப்படாதவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்க.

அம்மருந்துகளுள் தலையாயது பாராகுவாட் என்பது. 1955-இல் அதன் களைகொல்லும் ஆற்றலை இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனியார் கண்டறிந்தனர், 1962-இல் "கிராமக்சோன்" என்னும் பெயரோடு அது சந்தைக்கு வந்தது. பச்சிலையிற் பட்டால் வெயிலின் துணைகொண்டு சில மணி நேரத்திலே அதைக் கருக்கிவிடும்; மண்ணிற் பட்டாலோ களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு செயலற்றுப் போகும். உழவர்க்கு இஃது ஒரு வரமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் மனித உடலில் அது புரியும் வேலை வேறு. செறிவான நீர்மத்தை ஒரு மிடறு விழுங்கினாலும் உயிர் தப்புதல் அரிது. நுரையீரலின் நுண்ணறைகள் தமக்கு வேண்டிய சில பொருள்களை இழுத்துக்கொள்ளும் வழியாலேயே இந்நஞ்சையும் இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே அது பிராணவாயுவைக்கொண்டே உயிரணுக்களை எரிக்கும். எரிந்த இடம் வடுவாகி இறுகும். நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ மூச்சு அடங்கும். மூச்சுக்குத் தவிப்பவருக்கு உதவியாகக் கொடுக்கும் பிராணவாயுவே நஞ்சின் வேலையை விரைவுபடுத்தும் என்பதால், மருத்துவர்கள் அதைக் கொடுக்கவும் தயங்குவர். மாற்று மருந்தோ இன்றுவரை இல்லை. தவறிக் குடித்துவிடாதிருக்க நீலச் சாயமும் துர்நாற்றமும் வாந்தி மருந்தும் பின்னாளில் அதிற் சேர்க்கப்பட்டன. இவை அந்நஞ்சின் கொடுமைக்குச் செய்தவரே அளித்த நற்சாட்சியாகும்.

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நம் பழமொழி. ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சஸ் என்னும் மருத்துவரும், எல்லாப் பொருளும் நஞ்சே, அளவே ஒன்றை நஞ்சல்லாததாக்குகிறது என்னும் கருத்தை நாட்டினார். நஞ்சியல் என்னும் சாத்திரம் முழுவதும் இந்த அடிப்படையின்மேல் எழுந்ததே. இதை நாம் மறுக்கவில்லை. உப்பும் மிகுந்தாற் கொல்லும். பாம்பின் நஞ்சும் முறையாற் பயன்படுத்தினால் முறிமருந்துக்கு உதவும். ஆனால் இவ்வுண்மையைச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுவோர் மற்றொரு கேள்வியை விட்டுவிடுகின்றனர். அளவே நஞ்சாக்குகிறது என்றால், அந்த அளவை அளப்பவர் யார்? அளக்குங்கால் எவருடைய உடலை மனத்திற்கொண்டு அளக்கிறார்?

ஆராய்ச்சிச் சாலையில் அளவு எவ்வாறு காணப்படுகிறது என்று பார்ப்போம். 1927-இல் டிரெவன் என்னும் ஆங்கில அறிஞர், சோதனைப் பிராணிகளிற் பாதியைக் கொல்லும் அளவு எதுவெனக் காணும் முறையை வகுத்தார். பின்வந்தோர், நெடுநாட் கொடுத்தும் பிராணிக்குத் தீங்கு காணப்படாத அளவைக் கண்டு, அதை நூறால் வகுத்து, மனிதர்க்கு ஏற்ற அளவென்று கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்தினர். எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வேற்றுமைக்குப் பத்து. மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள வேற்றுமைக்குப் பத்து. இது அறிவும் அடக்கமும் கலந்த முறையே. இதனாற் பல்லாயிரம் உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அந்த எலி தூய கூட்டில் வளர்ந்தது. அதற்கு வேளை தவறாமல் உணவு கிடைத்தது. பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு நஞ்சே அதற்குத் தரப்பட்டது. பந்திங் வெயிலில் பதினாறு லிட்டர் பம்பைச் சுமந்து பள்ளமும் மேடும் ஏறியிறங்கும் பெண்ணோ வியர்வையில் நனைந்தவள். காலையில் அரைவயிறு உண்டு வந்தவள். கைகளில் முள் கீறிய புண்ணுடையவள். சில வேளை கருவுற்றவள். ஒரு மாதத்திற்குள் இரண்டு மூன்று விதமான நஞ்சுகளைத் தெளிப்பவள். முழுத்தோல் பாராகுவாட்டை எளிதில் உள்ளே விடுவதில்லை. புண்பட்ட தோலோ வழிவிடும். பம்பு ஒழுகி நெடுநேரம் முதுகை நனைத்ததாலேயே இறந்தவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. அளவு கண்ட எலியும் அளவைச் சுமக்கும் பெண்ணும் ஒருவரல்லர் என்பதை மறந்தால், கணக்குச் சரியாயிருக்கும், நீதி தவறிவிடும்.

"முறைப்படி பயன்படுத்தினாற் கேடில்லை" என்று கூறுவாருளர். கையுறை, முகமூடி, காலணி, நீண்ட அங்கி ஆகியவற்றை அணிக. காற்று வீசும்போது தெளியாதீர். முடிந்தவுடன் குளித்திடுக என்பன விதிகள். இவ்விதிகள் நல்லவையே. ஆனால் நண்பகல் வெப்பத்திலே கனத்த அங்கியோடு நாள் முழுதும் நடக்க எவரால் ஆகும்? கழுவ நீர் எங்கே? தெளிப்பதற்கென்று குறித்த பரப்பை முடித்தாலன்றி முழுக் கூலி இல்லையென்றால், காற்று அடங்கும்வரை காத்திருப்பவர் யார்? புட்டியின்மேல் ஒட்டிய எச்சரிக்கையைப் படிக்கக் கற்பித்தவர் யார்? கைக்கொள்ள இயலாத விதியை ஒருவர்மேற் சுமத்திவிட்டு, அவர் அதை மீறினார் என்று பழிப்பது அறமாகாது. விதி எழுதியவன் தப்பித்துக்கொள்வதற்கும், வேலை செய்தவள் குற்றவாளி ஆவதற்கும் வழி செய்யும் விதி, பாதுகாப்பு விதியன்று; பழிமாற்று விதியே என்போம்.

இனி, மெய்ப்பிக்கும் பொறுப்பு எவருடையது? 1957 முதல் ஐரோப்பாவில் விற்கப்பட்ட தாலிடோமைடு என்னும் மருந்து, கருவுற்ற தாய்மார் உண்ண, ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கைகால் குறைந்து பிறக்கச் செய்தது. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்னும் அதிகாரி, போதிய சான்று இல்லையென்று அனுமதி மறுத்து நின்றமையால், அந்நாடு பெரும்பாலும் தப்பியது. அதன்பின், தீங்கில்லையென்று மெய்ப்பிப்பது செய்பவன் கடமை என்னும் கொள்கை மருந்துகள் வகையில் உறுதிப்பட்டது. வயல் நஞ்சுக்கும் பதிவுக்கு முன் சோதனை உண்டு. ஆனால் பதிவு முடிந்தபின் நிலை தலைகீழாகிறது. மூக்கில் இரத்தம் வடிகிறது, நகம் கழல்கிறது, கண் எரிகிறது என்று சொல்லும் தொழிலாளி, அது நஞ்சால்தான் நேர்ந்தது என்று தானே மெய்ப்பிக்க வேண்டியவளாகிறாள். 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பாராகுவாட்டைக் கையாண்டவர்களிடம் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு காணப்பட்டதாகக் கூறியது. எல்லா ஆய்வாளரும் இதற்கு உடன்படவில்லை. வழக்கு இன்னும் ஓயவில்லை. உடன்பாடு வரும்வரை ஐயத்தின் பயன் யாரைச் சேரவேண்டும்? நஞ்சு குற்றம் சாட்டப்பட்ட மனிதனன்று, ஐயத்தின் பயனை அதற்கு அளிப்பதற்கு.

நம் நாட்டின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1974-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. 2002-இல் தெனாகனித்தா என்னும் பெண்கள் அமைப்பும், பூச்சிக்கொல்லி எதிர்ப்புக் குழுவினரின் ஆசிய பசிபிக் கிளையும், தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் துன்பத்தை ஆராய்ந்து நூலாக வெளியிட்டன. தெனாகனித்தாவை நடத்திய ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையார், தோட்டத்திலே வளர்ந்தவர்; குடியேறிய தொழிலாளர் முகாம்களின் நிலையை எடுத்துரைத்ததற்காக ஆண்டுக்கணக்கில் வழக்கைச் சுமந்தவர்; 2014-இல் மறைந்தார். அந்த 2002-ஆம் ஆண்டிலேயே பாராகுவாட்டை ஒழிக்க அரசு முடிவு செய்தது. 2006-இல் இன்னும் ஆராயவேண்டும் என்று அத்தடை தளர்த்தப்பட்டது. முடிவான தடை 2020 ஜனவரி முதல் நாளன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இடையிற் கழிந்த ஆண்டுகளில் ஆராய்ச்சி ஏடுகளிலும் நடந்தது. தோட்டத்து உடல்களிலும் நடந்தது. முன்னதற்கு ஊதியம் உண்டு, பின்னதற்கு இல்லை.

இதனினும் வியப்பானது வெளிநாட்டார் நடந்துகொண்ட முறை. ஸ்விட்சர்லாந்து 1989-இலேயே இந்நஞ்சைத் தன் மண்ணில் விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-இல் நீதிமன்றத் தீர்ப்பால் அதன் அனுமதி நீங்கியது. ஆயினும் அதன்பின்னும் பல ஆண்டுகள் இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்பீல்டில் அது செய்யப்பட்டுப் பிற நாடுகளுக்குக் கப்பலேறியது. தன் பிள்ளைக்கு ஆகாதென்று ஒதுக்கிய பண்டத்தை அண்டைவீட்டுப் பிள்ளைக்கு விற்பவனை ஊரார் என்ன பெயரிட்டு அழைப்பர்?

"நஞ்சை விலக்கினாற் களை பெருகும், விளைவு குறையும், தற்கொலை செய்துகொள்பவன் வேறு வழி தேடுவான்" என்பது மற்றொரு வாதம். இதற்கு விடை நம் அருகிலேயே உண்டு. மலையகத் தமிழரும் வாழும் இலங்கையில், 1995-இல் மக்கள் ஒரு லட்சத்துக்கு ஏறத்தாழ 57 பேர் தற்கொலையால் மாண்டனர். கொடிய பூச்சிக்கொல்லிகள் அவ்வாண்டு முதல் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. 2008-க்கும் 2011-க்கும் இடையே பாராகுவாட்டும் நீங்கியது. 2015-இல் அத்தொகை 17 அளவுக்கு இறங்கியது. இதற்கு இத்தடைகளே பெருங்காரணம் என்பது ஆய்வாளர் முடிவு. வறுமையும் கடனும் குடும்பச் சண்டையும் அங்கே ஒழிந்துவிடவில்லை. ஆத்திரம் தணிவதற்குள் உயிர் போக்கும் பொருள் கைக்கெட்டாமற் போயிற்று, அவ்வளவே. பயிர் விளைவும் அதனாற் குன்றவில்லை என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். சினத்தின் ஒரு நாழிகைக்கு மரண தண்டனை விதிக்கும் பொருளை லயத்து வீட்டுக் கொல்லையில் வைத்திருப்பது எந்த நாகரிகத்தில் சேரும்?

ஒரு நஞ்சு போனதனால் கடமை முடிந்ததென்று கருதலாகாது. வேறு களைகொல்லிகள் தோட்டங்களில் உள்ளன. அவற்றுள் கிளைபோசேட் என்பதை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் வகைப்படுத்தியது; வேறு அதிகார அமைப்புகள் உடன்படவில்லை. நஞ்சின் பெயர் மாறலாம். நாம் கேட்க வேண்டிய கேள்வி மாறாது. இதைச் சுமக்கப் போகிறவரை, அளப்பதற்கு முன் கேட்டீர்களா?

தோட்டத்தை விட்டுப் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் குடியேறிய நம்மவர்க்கு இஃது ஊர்விட்டுப் போன கதையாகத் தோன்றலாம். நம் பெண்கள் இறக்கி வைத்த பம்பை இன்று வங்காள தேசத்தாரும் இந்தோனேசியரும் சுமக்கின்றனர். அவர்கள் நம் மொழியினர் அல்லர் என்பதனால் அவர்கள் நுரையீரல் வேறாகிவிடாது. நம் தாய்மார் பட்டபோது கேட்பாரில்லையே என்று வருந்துகிற நாம், இன்று படுகிறவர்க்காகக் கேளாமற் போனால், நம் வருத்தம் நீதிக்காக எழுந்ததன்று, இனத்துக்காக எழுந்ததே என்றாகிவிடும்.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. தெளிப்பவர் மொழியில் நஞ்சின் பெயரும் தீங்கும் சொல்லப்படல் வேண்டும். வெயிலில், வியர்வையில், கருவுற்ற நிலையில் அவர் உடல் எவ்வாறு தாங்குமென்று அளக்கப்படல் வேண்டும். "இன்று தெளிக்கமாட்டேன்" என்று சொல்பவரின் கூலி வெட்டப்படாதிருத்தல் வேண்டும். மறுக்கும் உரிமை இல்லாதவர் ஏற்றுக்கொண்டார் என்பது சம்மதமாகாது. நிரையிற் கொண்டுபோய்த் தெளிப்பதை இனி மருந்து என்னாமல் நஞ்சு என்றே அழைப்போமாக. பெயரைச் சரியாகச் சொல்லத் தொடங்கினால், அளவுகோல் யார் கையில் இருக்கிறதென்று கேட்கும் துணிவும் தானே வரும்.