எதிரே நின்று கற்பிப்பவர்

நம்மைப் புகழ்பவர் நண்பர், நம் குறையைச் சுட்டுபவர் பகைவர் என்றொரு கணக்கு நம்மில் பலருடைய மனத்தில் உண்டு. அது சரிதானா? குத்துச்சண்டை மேடையில் நிகழ்ந்த சில சம்பவங்கள் இக்கேள்விக்கு விடை தருகின்றன. முரட்டு விளையாட்டில் அறத்திற்கு என்ன இடம் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். தன்னைத் தானே அறிவது எங்கும் கடினமே.

அமெரிக்க ஹெவிவெயிட் வீரர் ஜோ லூயிஸை உருவாக்கியவர் ஜாக் பிளாக்பர்ன் என்ற பயிற்சியாளர். சமநிலை குலையாமல் சிற்றடி வைத்து முன்னேறவும், அடுத்தடுத்துக் குத்துகளைத் தொடுக்கவும் அவர் கற்பித்தார். ஆயினும் 1936 ஜூன் 19 அன்று நியூயார்க்கில், ஜெர்மானிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங் 12ஆம் சுற்றில் லூயிஸை வீழ்த்தினார். இடக்கையால் குத்தியதும் லூயிஸ் அந்தக் கையைத் தாழ்த்திவிடுவதை அவர் முன்பே கவனித்திருந்தார். தொடர் வெற்றிகள் மூடி வைத்திருந்த குறையை ஒரு தோல்வி வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. 1938 ஜூன் 22 அன்று மீண்டும் மோதியபோது, லூயிஸ் 124 விநாடிகளில் வென்றார். அந்தத் தோல்வியைத் தந்த எதிராளியும் ஒருவகையில் அவருக்கு ஆசானே. பிற்காலத்தில் இருவரும் நண்பர்களாயினர்.

போட்டிக்கு முன்பு நாள்தோறும் எதிரே நின்று மோதும் பயிற்சித் துணைவருக்குப் பேரும் புகழும் கிடைப்பதில்லை. ஆனால் வீரனின் பழக்கங்களை அவரளவு அறிந்தவர் வேறில்லை. குறை தெரியும் அளவிற்கு அவர் குத்த வேண்டும். காயப்படுத்தும் அளவிற்குக் குத்தக் கூடாது. இந்த அளவறிதலே அவருடைய அறம்.

டெட்ராய்ட்டில் லூயிஸுடன் அவ்வாறு பயிற்சி செய்த எடி ஃபட்ச், உருவில் அவரைவிட மிகச் சிறியவர். இதயக் கோளாறு காரணமாகப் போட்டிகளை விட்டு விலகிய அவர், பிற்காலத்தில் ஜோ ஃபிரேசியரின் பயிற்சியாளரானார். ஒருவரிடம் வாங்கிய குத்துகள் இன்னொருவருக்குப் பாடமாயின. 1975இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் முகமது அலியுடன் நடந்த போட்டியில், 14 சுற்றுகள் முடிந்த நிலையில் ஃபிரேசியரின் கண்கள் வீங்கிப் பார்வை மங்கியிருந்தது. தொடர்ந்து போரிட அவர் துடித்தார். ஃபட்ச் அனுமதிக்கவில்லை. வெல்லக் கற்பித்தவரே நிறுத்தவும் துணிந்தார்.

1970களில் அலிக்குப் பயிற்சித் துணைவராக இருந்த லாரி ஹோம்ஸ், 1980 அக்டோபர் 2 அன்று லாஸ் வேகஸில் அவரையே எதிர்த்து நின்றார். அலிக்கு வயது 38. பழைய வேகம் இல்லை. ஹோம்ஸ் என்ன செய்திருக்க வேண்டும்? வேண்டுமென்றே தளர்ந்திருந்தால், அது கற்பித்தவருக்கே அவமதிப்பு. முழு வலிமையையும் காட்டினால், அவருடைய உடலுக்கே தீங்கு. பத்துச் சுற்றுகளுக்குப் பின் அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி போட்டியை நிறுத்தினார். வென்ற ஹோம்ஸ் பின்னர் அழுதார்.

மாணவனிடம் தோற்பது ஆசானுக்குப் பெருமை என்பது நம் நாட்டு வழக்கு. அந்தப் பெருமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அந்தக் கண்ணீர் உணர்த்துகிறது. தம் வெற்றியில் பிறர் தந்த பங்கை அறிந்தவனுக்குக் கர்வம் வராது.

என் திறமை, என் பாணி என்கிறோம். அதில் எத்தனை பேருடைய கை பதிந்திருக்கிறது! இல்லத்திலும் அலுவலகத்திலும் நம்மை மறுத்துப் பேசுபவரை விலக்கி, ஆமோதிப்பவரை மட்டும் அருகில் வைத்துக்கொள்கிறோம். பயிற்சிக்கு ஆளில்லாத வீரனின் நிலை அது. தாழும் கையைச் சுட்டிக்காட்ட ஒருவர், போதும் என்று தடுக்க ஒருவர்: இவ்விருவரும் நம் அருகில் இருக்கிறார்களா? இருந்தால், அவர்கள் சொல் வலித்தாலும் நன்றியுடன் ஏற்போம். நாமும் பிறருக்கு, அளவறிந்து, அவ்வாறே இருப்போம்.