யோபுவும் தேவசகாயமும்

சோதிக்கப்படும் விசுவாசம் பொறுமையை வளர்க்கும், பொறுமை மனிதரைப் பக்குவப்படுத்தும் என்று விவிலியத்தின் யாக்கோபு நிருபம் முதல் அதிகாரத்திலேயே சொல்லிவிடுகிறது. யோபுவின் கதை அவ்வளவு எளிதல்ல. பிள்ளைகளையும் மந்தைகளையும் பறிகொடுத்த யோபு கடவுளோடு வழக்காடுகிறார். செய்த பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்று நியாயம் பேசிய நண்பர்களே கடைசியில் கடவுளிடம் கண்டனம் பெறுகிறார்கள். முறையிடுவதும் விசுவாசத்தில் சேர்த்திதான் என்று காட்டியதே யோபு நூலின் துணிச்சல்.

திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை இக்கதையைக் கேட்டது, குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்த காலத்தில். சொன்னவர் டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய். குளச்சல் போரில் பிடிபட்டு, மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவராக உயர்ந்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, தேவசகாயம் ஆனார். 1749இல் கைதானார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். காயங்களில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள் என்கிறது மரபு. தண்டனைக்கான காரணம் குறித்து இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அவர் தம் விசுவாசத்தைக் கைவிடவில்லை என்பதில் திருச்சபைக்கு ஐயமில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். யோபுவுக்கு இழந்த உடைமைகள் இரட்டிப்பாகத் திரும்பின; தேவசகாயத்துக்கு எதுவும் திரும்பவில்லை. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.