இடியும் பிக்குகளும் பக்கத்து வீடும்

பாலி மொழிப் பௌத்த நூல்களில் சத்தத்தைப் பற்றிய இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. ஒன்று மகாபரிநிப்பான சுத்தம் என்ற உரையில் வருவது. ஆதுமா என்ற ஊரில் ஒரு களத்துக் கொட்டகையில் புத்தர் இருக்கிறார். பெருமழை பெய்கிறது, இடி விழுகிறது. கொட்டகைக்குப் பக்கத்திலேயே உழவர்களான சகோதரர் இருவரும் நான்கு எருதுகளும் மாண்டுபோக, ஊரே திரண்டு வருகிறது. கூட்டம் எதற்கு என்று புத்தர் கேட்கும்போதுதான் அவருக்கு எதுவும் தெரியாது என்பது வெளிப்படுகிறது. அவர் தூங்கவில்லை. நினைவோடு விழித்திருந்தும் இடி அவர் காதில் விழவில்லை. இன்னொன்று மஜ்ஜிம நிகாயம் என்ற தொகுப்பின் 67-ஆவது சுத்தத்தில் வருவது. சாதுமா என்ற ஊரின் நெல்லித் தோப்பில் புத்தர் தங்கியிருக்கும்போது, சாரிபுத்திரரும் மொக்கல்லானரும் ஐந்நூறு பிக்குகளோடு வந்து சேர்கிறார்கள். வந்தவர்களும் அங்கிருந்தவர்களும் நலம் விசாரித்துக்கொண்டு, படுக்கைகளை விரித்து, திருவோடுகளையும் ஆடைகளையும் எடுத்துவைக்கிறார்கள். அதில் எழுந்த இரைச்சலைக் கேட்ட புத்தர், மீனவர்கள் மீனுக்குக் கூச்சலிடுவது போல இருக்கிறதே என்று ஆனந்தரிடம் விசாரித்து, வந்தவர்கள் அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார். இடி கேட்காத காதுக்குத் திருவோட்டுச் சத்தம் மட்டும் எப்படிக் கேட்டது?

ஃபிளாட்டில் குடியிருக்கிற எவருக்கும் இந்தக் கேள்வி அன்றாடம் எழக்கூடியது. இரவு பதினொரு மணிக்கு மாடி வீட்டில் நாற்காலியை இழுக்கிறார்கள். பக்கத்து வீட்டு டிவியில் வரும் வசனம் ஒரு சொல் விடாமல் நம் படுக்கையறையில் கேட்கிறது. புகார் சொல்லப் போனால் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்" என்பதுதான் பதில். இதே பதில் ஆன்மிக உடை போட்டுக்கொண்டும் வரும்: மனம் அடங்கியவனுக்குச் சந்தை இரைச்சலும் ஒன்றுதான், குறை சத்தத்தில் இல்லை, உன் மனத்தில்தான் இருக்கிறது என்பார்கள். இந்தப் பதிலில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மீதியை மறைக்கிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம். மனத்தை அடக்கிக்கொள்வது கேட்கிறவர் தனக்குத் தானே எடுத்துக்கொள்ளும் பயிற்சி. சத்தம் போடுகிறவர் அதைச் சிபாரிசு செய்ய முடியாது. ஒருவருக்குத் தாங்கும் வலிமை இருக்கிறது என்பதற்காக, இன்னொருவர் அவருக்குப் பட்டிருக்கும் கடன் தள்ளுபடியாகிவிடுவதில்லை.

சாதுமா நிகழ்ச்சியை இந்தக் கடனுக்குச் சான்றாகப் படிப்பது தவறு என்று ஒருவர் மறுக்கலாம். புத்தர் தன் காதுக்காகவா அவர்களை அனுப்பினார்? பிக்குகளின் பயிற்சி கெடக் கூடாது என்பதற்காக அல்லவா? உண்மைதான், என் வாதத்துக்கு அதுதான் பலம். புத்தருக்கு அந்த இரைச்சலால் துளி வேதனையும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் அது பிழையாகவே எண்ணப்பட்டது. அப்படியானால் பிழையின் அளவு கேட்டவரின் வேதனையைப் பொறுத்ததல்ல. அடுத்து ஒருவர் இருக்கிறார் என்ற கவனம் சத்தம் போட்டவரிடம் இல்லாமல் போனதில்தான் அந்தப் பிழை இருக்கிறது. இடிக்கு அந்தக் கவனம் கிடையாது, இருக்கவும் முடியாது. ஆகவே இடியைப் பொறுப்பதில் யார் மீதும் யாருக்கும் கடன் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் இடி அல்ல. அவரை இடியைப் போல எண்ணிச் சகித்துக்கொள் என்பது, பார்க்கப்போனால், அவரை மனிதராக மதிக்காமல் விடுவதுதான். சாதுமா கதையில் மறக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு: ஊரிலிருந்த சாக்கிய குலத்தாரும் சகம்பதி என்ற பிரம்மாவும் வந்து பரிந்து பேசியதும் பிக்குகள் திரும்ப அழைக்கப்படுகிறார்கள். பிழையைப் பிழை என்று சொல்வதும், சொன்ன பிறகு உறவை முறிக்காமல் வைத்துக்கொள்வதும் ஒன்றோடொன்று முரண்படவில்லை.

மேற்கிலும் இதே கதைதான். ஸ்டோயிக் தத்துவவாதியான செனெக்கா, லூசிலியஸுக்கு எழுதிய 56-ஆவது கடிதத்தில், தான் ஒரு பொதுக் குளியல் கூடத்துக்கு மேலே குடியிருப்பதை எழுதுகிறார். எடை தூக்குகிறவர்களின் முனகல், எண்ணெய் தேய்த்துவிடுகிறவரின் கை தோளில் விழும் ஓசை, அக்குள் முடி பிடுங்குகிறவரின் கூவல், தின்பண்டம் விற்பவர்களின் ராகங்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, உள்ளே கலக்கம் இல்லாவிட்டால் வெளியே எது இரைந்தாலும் கவலையில்லை என்று வாதிக்கிறார். கடைசியில், கிரேக்கக் காவிய நாயகன் யுலிசஸ் மயக்கும் பாட்டைத் தடுக்கத் தன் ஆட்களின் காதில் மெழுகு அடைத்ததை நினைவூட்டி, இவ்வளவு எளிய வழி இருக்க நான் ஏன் வதைபட வேண்டும், வேறு இடம் போகிறேன் என்று முடிக்கிறார். இதைப் படித்துத் தத்துவம் தோற்றதாகச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னால் தாங்க முடியும் என்று சோதித்துப் பார்த்துவிட்டு, தாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று தெளிகிறார். அவர் எழுந்து போக முடிந்தது. ஊரில் வேறு வாடகைக்கு வழியில்லாதவருக்கு அந்த முடிவு கிடைப்பதில்லை.

சத்தத்திலிருந்து விடுபட வழி இருக்கிறது என்பதே எவ்வளவு பெரிய மருந்து என்பதை 1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் சோதனையில் காட்டினார்கள். இரு குழுவினருக்கும் ஒரே அளவு இரைச்சல். ஒரு குழுவுக்கு மட்டும், தாங்க முடியாவிட்டால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள், நின்றுவிடும்; ஆனால் முடிந்தவரை அழுத்தாமல் இருங்கள் என்று சொல்லப்பட்டது. பெரும்பாலும் யாரும் அழுத்தவில்லை. ஆனாலும் இரைச்சல் ஓய்ந்த பிறகு கொடுத்த புதிர்களிலும் பிழை திருத்தும் வேலையிலும், பொத்தான் இருந்தவர்கள் இல்லாதவர்களைவிடத் தெளிவாகவும் விடாமுயற்சியோடும் வேலை செய்தார்கள். எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரிந்த சத்தமும் இதே போலக் குறைவாகவே பாதித்தது. காதில் விழுந்த ஒலியின் அளவு மாறவே இல்லை. வேண்டுமென்றால் நிறுத்த முடியும் என்ற நம்பிக்கைதான் மாறியது. பொறுமை மனத்தின் உள்ளே மட்டும் விளைவதில்லை; பாதியை அடுத்தவர் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் வாழ்வதே குற்றமா என்ற கேள்வி வரும். இதுதான் எல்லாவற்றிலும் கனமான மறுப்பு. குழந்தை அழும், கிழவர் இருமுவார், விடிகாலை ஷிப்டுக்குப் போகிறவருக்கு நாலரை மணிக்குக் குக்கர் வைத்தாக வேண்டும். லண்டன் சதர்க் நகராட்சி வீடுகளில் இருந்தவர்கள் பக்கத்து வீட்டு டிவி, குழந்தை அழுகை, சமையல், சண்டை, படுக்கையறை ஓசை வரை எல்லாம் கேட்கிறது என்று வழக்காடினார்கள். 1999-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, அவர்கள் படும் பாட்டை முழுக்க ஒப்புக்கொண்டும் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அக்கம்பக்கத்தார் செய்தது வெறும் அன்றாட வாழ்க்கை, அதைத் தொல்லை என்று சொல்ல முடியாது என்றது. அன்றாட வாழ்க்கை தொல்லை ஆகாது என்ற அளவில் அந்தத் தீர்ப்பு எனக்கு முற்றிலும் சம்மதம். உயிரோடு இருப்பதால் எழும் ஓசைக்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அங்கே பொறுப்பது கேட்கிறவரின் கடமைதான். ஆனால் கடன் அங்கே மறைந்துவிடவில்லை, கை மாறுகிறது. நம் ஊர் ஃபிளாட்டுகளில் இரு வீட்டுக்கும் பொதுவான சுவரை ஒன்பது இன்ச் கட்டாமல் நாலரை இன்ச்சில் முடித்தவர் கணக்கில் அது ஏறுகிறது. காற்றில் வரும் பேச்சைச் சுவரின் கனம் ஓரளவு தடுக்கும். தரையில் விழும் தட்டலை அதுவும் தடுக்காது. மேல் வீட்டில் இரும்புக் கால் நாற்காலியை டைல்ஸில் இழுத்தால் அந்த அதிர்வு தளத்துக்குள்ளேயே ஓடிக் கீழ் வீட்டு விதானம் முழுவதிலும் ஒலிக்கிறது. நாற்காலிக் காலுக்கு ஒரு ரப்பர் புஷ், கிரைண்டருக்கு அடியில் நாலாக மடித்த ஒரு சாக்கு. இவ்வளவுதான் செலவு. இதைச் செய்ய முடிந்தும் செய்யாதபோதுதான் வாழ்வின் ஓசை அலட்சியத்தின் ஓசையாகிறது.

அந்தக் காலத்தில் திருவல்லிக்கேணி ஒண்டுக் குடித்தனங்களில் ஏழெட்டுக் குடும்பங்கள் ஒரே முற்றத்தில் வாழவில்லையா, இந்தச் சத்த ஒவ்வாமை தனி வீட்டு ஆசை வந்த பிறகு பிடித்த சொகுசு நோய் என்று சொல்வாரும் உண்டு. அங்கே சத்தத்துக்கு முகம் இருந்தது. குழாயடியில் தினம் பார்க்கிறவரிடம் "மாமி, பையனுக்கு நாளைக்குப் பரீட்சை" என்று சொன்னால் ரேடியோ தணியும். இன்று கதவை மூடிக்கொண்டு வாழ்கிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று தெரியாமல், சத்தம் மட்டும் தெரிகிறது. முகமில்லாத சத்தம் வேண்டுமென்றே செய்வதாகத்தான் தோன்றும். ஆனால் பழைய வீடுகளைப் புகழும்போது ஒன்றைத் தவறவிடுகிறோம். அங்கே வாய் திறக்க முடிந்தவர்கள் யார்? இரவு ஷிப்டு முடிந்து பகலில் தூங்க வந்த கூலிக்காரர், புதிதாக வந்த மருமகள், வாடகை பாக்கி வைத்திருந்த குடும்பம் ஆகியோரின் மௌனத்தையும் சேர்த்துத்தான் நாம் பொறுமை என்று எண்ணி வைத்திருக்கிறோம்.

பக்தி என்று வரும்போது இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி பற்றி அருகில் குடியிருந்தவர்கள் தொடுத்த வழக்கில், 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் குலைத்துத்தான் தொழ வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது. அது எல்லா மதத்துக்கும் சொன்னது. அம்மன் கோவில் ஆடி மாத ஒலிபெருக்கிக்கும் பள்ளிவாசலுக்கும் வீட்டுப் பஜனைக்கும் பொருந்துவது. கோனிக்ஸ்பெர்க்கில் சிறைச்சாலைக்குப் பக்கத்தில் வீடு வாங்கிய இம்மானுவேல் காண்ட், கைதிகள் பாடும் தோத்திரங்களால் சிந்திக்க முடியவில்லை என்று 1784-இல் நகர மேயருக்கு எழுதினார். ஜன்னலைச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில் பாடினாலும் அவர்களுக்குத் தெய்வ பயம் உள்ளவர்கள் என்ற நற்பெயர் கிடைக்கத்தான் செய்யும் என்பது அவர் வாதம். வாதம் சரி. ஆனால் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்கள் பூட்டப்பட்டவர்கள் என்பதை அவர் இன்னும் கொஞ்சம் எண்ணியிருக்கலாம். பாடுவதா வேண்டாமா என்பதே அவர்கள் கையில் முழுக்க இருந்திருக்குமா என்பது சந்தேகம். யாரிடம் கடனைக் கேட்கிறோம் என்பதைப் பார்க்காமல் கேட்டால் நியாயமும் கடுமையாகிவிடும்.

சட்டம் ஓரளவுக்கு மேல் உதவாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரையறுக்கின்றன. நள்ளிரவில் மேலே ஒரு டம்ளர் விழுவதை அந்த எண்களில் அடக்க முடியாது. அதைவிட, சுவரில் துளை போடும் முன் கீழ் வீட்டுக்குப் போய், நாளை பதினொரு மணிக்கு ஆரம்பித்து ஒன்றுக்குள் முடித்துவிடுவோம், பாப்பா தூங்கும் நேரமா என்று கேட்கிற ஒரு நிமிடம் எந்த விதியாலும் தர முடியாத ஒன்றைத் தருகிறது: கிளாஸும் சிங்கரும் வைத்த அந்தப் பொத்தானை. காது மந்தமாகி, டிவியை முழு ஒலியில் வைத்துத்தான் கேட்க முடிகிற எண்பது வயதுக்காரரின் விஷயம் இதற்குள்ளும் அடங்காது. அவரால் குறைக்க முடியாது; பக்கத்து வீட்டு நர்ஸால் தூங்காமல் இருக்கவும் முடியாது. அங்கே கடன் அவருடைய பிள்ளைகளிடமும், ஒரு ஹெட்ஃபோன் வாங்கித் தர முடிகிற அசோசியேஷனிடமும் போகிறது. அவர்கள் தரும் வரை அந்த நர்ஸ் பொறுத்துக்கொண்டால் அது அவர் கொடுக்கும் கொடை. அதைக் கேட்டு வாங்கும் உரிமை அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இல்லை.