கேட்ட சொல்லும் தேடிய உண்மையும்

பங்காரு என்றால் பொன். கோலார் தங்கவயலுக்குச் செல்லும் ரயில்பாதை பிரிகின்ற ஊருக்குப் பங்காருபேட்டை என்று பெயர் அமைந்தது பொருத்தமே. தங்கவயலில் தொழிலாளர்கள் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையை வெட்டினார்கள். பிற்காலத்தில் ஒரு டன் பாறையை மாவாக அரைத்தால் கிடைத்த பொன் சில கிராம் மட்டுமே. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன்னைப் பிரித்தபின் கொட்டிய மண், சயனைடு மேடுகளாக இன்றும் குன்றுபோல் நிற்கிறது.

கேள்விச் செல்வமும் இத்தகையதே. கேட்டதை ஆராய்ந்து பிரித்தெடுப்பவருக்கே அதிலுள்ள பொன் கிட்டும்.

தங்கவயலிலிருந்து பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பல்லாயிரவர். ரயில் பயணத்தின்போதே கைபேசியில் அருளுரை கேட்க இன்று வழியிருக்கிறது. பல சமயங்களின் சொற்பொழிவுகளும் ஒலிப்பதிவாக இணையத்தில் பகிரப்படுகின்றன. பஹாய் சமயத்தின் வரலாற்றையும் கோட்பாடுகளையும் விளக்கும் உரைகளும் அவற்றுள் உண்டு. ஓர் உரையை நூறு பேருக்கு அனுப்ப ஒரு நொடி போதும். அனுப்புபவரின் கடமை அந்த நொடியோடு முடிந்துவிடுகிறதா? கேட்பவரின் கடமை எங்கே தொடங்குகிறது? பஹாய் வரலாறே இதற்கு விடை தருகிறது.

1844-இல் பாரசீகத்தின் ஷிராஸ் நகரில் பாப் தமது செய்தியை அறிவித்தார். 1863-இல் பாக்தாதில் பஹாவுல்லா தமது அருட்பணியை வெளிப்படுத்தினார். நாடு கடத்தப்பட்ட அவர் 1868-இல் ஆக்கா என்னும் சிறைநகரை அடைந்தார். 1892-இல் அவர் மறைந்தபின் அவருடைய மூத்த மகன் அப்துல் பஹா சமயத்தை வழிநடத்தினார். 1904 முதல் 1906 வரையிலான காலத்தில் லாரா கிளிஃபோர்ட் பார்னி என்ற அமெரிக்கப் பெண்மணி ஆக்காவுக்கு வந்து அவரிடம் பல வினாக்களை எழுப்பினார். அப்போதும் கைதியாகவே இருந்த அப்துல் பஹா, உணவு மேசையில் அமர்ந்தபடி விடை கூறினார். அவர் பாரசீக மொழியில் பேசியவை உடனுக்குடன் எழுதப்பட்டன. பிறகு அவற்றைப் படித்துத் தம் கையாலேயே திருத்தினார். 1908-இல் அவை நூலாயின.

சொன்னவரே தம் சொல்லின் பதிவை மீண்டும் படித்துத் திருத்தினார் என்றால், பிறர் சொல்லைப் பரப்புவோருக்கு எத்துணைக் கவனம் வேண்டும்!

செவிவழியாக வந்த செய்தி எவ்வளவு பக்தியோடு சொல்லப்பட்டாலும் திருநூலின் நிலையை அடையாது என்பது பஹாய் மரபு. அச்சமயத்தில் குருமார் வகுப்பும் இல்லை. உண்மையை ஒவ்வொருவரும் தாமே தேடி அறிய வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று. 1986-இல் டில்லியில் திறக்கப்பட்ட தாமரைக் கோயில், 27 பளிங்கு இதழ்களுடன் எல்லாச் சமயத்தாரையும் வரவேற்கிறது. அதனுள் சொற்பொழிவு நிகழ்த்துவதில்லை; பல்வேறு சமயங்களின் திருநூல் வாசகங்களே வழிபாட்டில் ஓதப்படுகின்றன. சொற்பொழிவு நம்மை வாசல்வரை அழைத்து வரலாம். உள்ளே செல்ல வேண்டியவர் நாமே.

ஆகவே, எந்தச் சமய உரையையும் பகிர்பவர் மூன்றைக் கருத வேண்டும். பேசுபவர் யார்? அவர் கூறுவதற்கு மூலநூலில் ஆதாரம் உண்டா? துண்டாக வெட்டியதால் பொருள் திரிந்துவிட்டதா? கேட்பவரும் கேட்டதோடு நிற்காமல் மூலத்தைப் படித்துச் சிந்திக்க வேண்டும். சிரவணத்துக்குப்பின் மனனம் வேண்டும் என்று நம் முன்னோர் வகுத்ததும் இதற்காகவே.

இறுதிச் சோதனை வாழ்க்கையில்தான். ஆணும் பெண்ணும் சமம் என்பது பஹாய் கோட்பாடு. பிள்ளைகள் அனைவரையும் படிக்கவைக்க இயலாத குடும்பத்தில் மகளின் கல்விக்கே முதலிடம் தர வேண்டும் என்கிறது அது. நாளைய தாயே அடுத்த தலைமுறையின் முதல் ஆசிரியர் என்பதே காரணம். இதை விளக்கும் உரையைக் கேட்டு மகிழ்ந்து, பலருக்கும் அனுப்பிவைத்த ஒருவர், செலவைக் காட்டித் தம் மகளின் படிப்பை நிறுத்தினால் அவர் கேட்டதால் பயன் என்ன? அவளை மீண்டும் பள்ளிக்கு அனுப்பும் நாளில்தான் அந்த உரை அவருடைய செவியைக் கடந்து உள்ளத்தில் சேர்ந்ததாகும்.