ஊதியமும் விசுவாசமும்

ஊதியம் பெற்று விளையாடுதல் ஓர் ஒழுக்கக் குறைபாடாகுமா? வேல்ஸ் நாட்டு றக்பி வீரர் ஜொனதன் டேவிஸின் வாழ்வை நோக்குமிடத்து இவ்வினா தவிர்க்கவியலாதவாறு எழுகின்றது.

றக்பி ஆட்டம் யூனியன், லீக் என இருபிரிவானமைக்கு ஆட்ட நுணுக்கங்கள் காரணமல்ல. இங்கிலாந்தின் வடபகுதிச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தோர் ஆட்டத்துக்காக வேலையை விடுத்தால் அந்நேரத்துக்குரிய கூலியை இழந்தனர். அவ்விழப்பை ஈடுசெய்ய வேண்டுமென்ற பிரேரணை 1893இல் 282க்கு 136 என்ற வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. 1895இல் வடபகுதிக் கழகங்கள் ஹடர்ஸ்பீல்ட் நகரிற் கூடித் தனிவழி சென்றன. அவை முதலில் அனுமதித்ததோ நாளொன்றுக்கு ஆறு ஷிலிங்குக்கு மேற்படாத ஈட்டுத்தொகையே. யூனியன் பக்கத்தாருக்கு ஊதியமின்றி ஆடுவதே அறமாயிற்று. பயன் கருதாச் செயல் உயர்ந்ததென்பதை எவரும் மறுக்கார். ஆயின், வாடகையும் வட்டியும் வீடுதேடி வரப்பெற்றவன் பயன் கருதாதிருத்தல் மிக எளிது!

டிரிம்சாரன் என்னும் சுரங்கக் கிராமத்தைச் சேர்ந்த டேவிஸ், சுவருக்கு நிறந்தீட்டும் தொழில் பயின்றவர்; வேல்ஸ் அணியின் தலைவராக உயர்ந்தவர். 1988 டிசெம்பரில் அவரது அணி ருமேனியாவிடம் 15-9 எனத் தோற்றது. மறுமாதமே அவர் இரண்டு இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட தொகைக்கு விட்னஸ் லீக் கழகத்தில் இணைந்தார். அன்றைய விதிப்படி அவ்வாறு சென்றவர் யூனியனுக்கு மீளமுடியாது.

இதனைத் துரோகம் எனலாமா? விசுவாசம் இருபாற்பட்டது. அரங்கு நிறைந்த பார்வையாளரிடம் கட்டணம் பெற்றுக்கொண்டு, ஆடுவோனுக்கு மட்டும் துறவறம் விதிக்கும் நிறுவனம் விசுவாசத்தைக் கோரும் உரிமையைப் பெரிதும் இழந்துவிடுகின்றது. எனினும், கைம்மாறு கருதாது அவரைப் பயிற்றிய ஊராரின் இழப்பை அவ்வாறு தள்ளிவிடல் இயலாது. அவர்கள் வருந்தியது நியாயமே. வருந்துவதற்கான உரிமை தண்டிப்பதற்கான உரிமையாகுமா என்பதே பிரச்சினை. ஆகாதென்றே கருதுகிறேன்.

1995 ஓகஸ்டில் சர்வதேச சபை ஊதியத் தடையை நீக்கிற்று. டேவிஸ் அவ்வாண்டிலேயே கார்டிப் கழகத்துக்கு மீண்டார். பின்னர் வேல்ஸுக்காகவும் ஆடினார். ஒரு தீர்மானத்தால் ஒரே நாளில் இல்லாதொழியக்கூடிய குற்றம், அதற்கு முதல்நாள் மட்டும் ஒழுக்கக் குற்றமாக இருந்தது எங்ஙனம்? சபையின் நிர்வாக விதியொன்று நூறாண்டுகளாக அறத்தின் ஆடையை அணிந்திருந்தது என்றே கொள்ளல் வேண்டும். வேல்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிய டேவிட் வற்கின்ஸ் 1967இல் சல்போர்ட் லீக் கழகத்துக்குச் சென்றதும் இதே செயல்தான். அவர் ஆடிய காலம் முழுவதும் அந்தக் கதவு திறக்கப்படவில்லை.